பேஸ்பால் அட்டைகள்: குப்பைக்கும் கருவூலத்துக்கும் இடையே

1963-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி மாலை. நியூயார்க் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் பிரிவில் ஒரு மேசையில் அமர்ந்து பசையும் ஆல்பமுமாக வேலை செய்துவந்த மனிதர், தம் பணி முடிந்துவிட்டது என்று அறிவித்தார். கீல்வாதம் அவருடைய விரல்களையும் தோள்களையும் கோணலாக்கியிருந்தது. மேலங்கிக்குள் உடலைச் சிரமப்பட்டு நுழைத்துக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் 13-ஆம் தேதி காலமானார்.

அவர் பெயர் ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸ் நகரில் மின்சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களைப் பொருத்தும் தொழிலாளி. மணமாகாதவர். டியூரரும் ரெம்பிராண்டும் பாதுகாக்கப்படும் அதே பிரிவில் அவர் ஒட்டிவைத்துவிட்டுப் போனவை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சிட்ட காகிதத் துண்டுகள்: வணிகர்களின் விளம்பர அட்டைகள், வாழ்த்து அட்டைகள், தபால் அட்டைகள், சிகரெட் பெட்டிப் படங்கள். அவற்றில் ஏறத்தாழ 30,000 பேஸ்பால் ஆட்டக்காரர்களின் உருவம் தாங்கிய சிறு அட்டைகள். இன்று அந்த வகை அட்டை ஒன்று கோடிக்கணக்கான டாலருக்கு ஏலம் போகிறது. பர்டிக்கோ தாம் வைத்திருந்ததை ஒரு காசு வாங்காமல் கொடுத்தார். அத்தோடு நில்லாமல், சந்தைக்காரன் கேட்டால் பதறிப்போகும்படி, அவற்றையெல்லாம் பசை தடவி ஒட்டியும் வைத்தார்.

பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டம். நம்மில் பலர் அதைக் கிரிக்கெட்டின் தூரத்து உறவாக மட்டுமே அறிவோம். ஆனால் இக்கட்டுரையின் அக்கறை ஆட்டத்தைப் பற்றியதன்று. எறிவதற்காகவே அச்சிடப்பட்ட ஒரு பொருள் எவ்வாறு சேகரிப்பாகவும், சிறுவர்களின் நாணயமாகவும், தொழிலாளர்களின் உரிமைப் போராட்டமாகவும், சூதாட்டமாகவும் உருமாறியது என்பதைப் பார்ப்பதே நம் நோக்கம். எது வரலாறு, எது குப்பை என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

*

முதலில் புகையிலை. அதற்கும் முன்னால், 1869-இல், சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் தரும் முதல் அணியாக உருவானபோது, நியூயார்க்கில் விளையாட்டுப் பொருள்கள் விற்ற பெக் அண்ட் ஸ்னைடர் என்ற கடை அவ்வணியின் புகைப்படத்தை ஒரு பக்கமும் தன் விளம்பரத்தை மறுபக்கமும் கொண்ட அட்டைகளை வழங்கியது. விளையாட்டு ஒரு தொழிலான வேளையிலேயே அது விளம்பரமும் ஆகிவிட்டது என்பதற்கு இதைக்காட்டிலும் நல்ல சான்று தேவையில்லை.

ஆயினும் அட்டைகளைப் பெருக்கியது ஓர் இயந்திரம். ஜேம்ஸ் பான்சாக் என்ற வர்ஜீனியா இளைஞர் 1880-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற சிகரெட் சுருட்டும் பொறி நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளைத் தள்ளியது. கையால் சுருட்டிய காலத்தில் சரக்கு போதவில்லை. பொறி வந்தபின் வாங்க ஆள் போதவில்லை. அன்றைய சிகரெட் உறை மெல்லிய காகிதத்தாலானது, எளிதில் நசுங்கும். அதற்கு விறைப்புத் தர உள்ளே ஒரு தடித்த அட்டையைச் செருகுவது வழக்கம். வெற்று அட்டைக்குப் பதில் படம் போட்டால் என்ன? நடிகைகள், பறவைகள், கொடிகள், மன்னர்கள் என்று படங்கள் வந்தன. ரிச்மண்ட் நகரின் ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் 1887-இல் வெளியிட்ட 50 வீரர்களின் வரிசையில் பத்துப் பேர் பேஸ்பால் ஆட்டக்காரர்கள்.

நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் தன் 'ஓல்டு ஜட்ஜ்' சிகரெட்டுக்காக 1886 முதல் 1890 வரை 500-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் புகைப்படங்களை வெளியிட்டது. அந்தப் படங்களை இன்று பார்க்கையில் ஒரு வினோதம் கண்ணில் படுகிறது. அன்றைய ஒளிப்படக் கருவியால் பறக்கும் பந்தைப் பிடிக்க இயலாது. எனவே படப்பிடிப்பு நிலையத்தின் கூரையிலிருந்து ஒரு நூலில் பந்தைத் தொங்கவிட்டு, அதைப் பிடிக்கப்போவதுபோல் ஆட்டக்காரரை நிற்கவைத்தார்கள். சில அட்டைகளில் அந்த நூல் தெளிவாகத் தெரிகிறது. விளம்பரம் என்பது நூல் கட்டித் தொங்கவிட்ட பந்து என்று சொன்னால் மிகையாகாது.

1890-இல் ஜேம்ஸ் பியூகனன் டியூக் என்ற தொழிலதிபர் பெரும் சிகரெட் நிறுவனங்களை ஒன்றாக்கி அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை அமைத்தார். போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே குடையின்கீழ் வந்தபின் யாரைக் கவர அட்டை? பேஸ்பால் அட்டைகள் ஏறக்குறைய மறைந்துபோயின. சிறுவர்களின் களிப்புக்கும் சந்தையின் போட்டிக்கும் இருந்த உறவு இதில் பச்சையாகத் தெரிகிறது. ஏகபோகத்துக்கு யாரையும் மகிழ்விக்க வேண்டிய அவசியமில்லை.

மீண்டும் அட்டைகள் பெருகியது 1909-இல். அந்த ஆண்டு முதல் 1911 வரை, அதே நிறுவனத்தின் பல்வேறு சிகரெட் வகைகளோடு, 500-க்கும் மேற்பட்ட வண்ண அட்டைகள் வெளிவந்தன. தீப்பெட்டியைவிடச் சற்றே நீண்ட அளவு. பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்த கல்லச்சு. மங்கலான மாலை வானமும் ஆரஞ்சுப் பின்னணியுமாக, அவற்றுள் சில சிற்றோவியங்களாகவே கருதத்தக்கவை. 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த ஏகபோகத்தை உடைத்து நிறுவனத்தைப் பிரிக்க ஆணையிட்டது. இவ்வரிசைக்கு அந்நாளில் பெயரே இல்லை. 'டி206' என்று பெயரிட்டவர் நம் பர்டிக்.

*

அந்த வரிசையில் ஹானஸ் வாக்னரின் அட்டை இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட, இல்லாமலிருப்பதால் புகழ்பெற்றது என்று சொல்லவேண்டும். பிட்ஸ்பர்க் அணியின் வாக்னர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் குடும்பத்தில் பிறந்து, தம் காலத்தின் மிகப்பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவராக உயர்ந்தவர். அவர் அனுமதி மறுத்ததால் அவருடைய அட்டை அச்சாவது விரைவிலேயே நின்றுவிட்டது. அறியப்பட்ட பிரதிகள் சுமார் 60 மட்டுமே.

ஏன் மறுத்தார்? சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது பரவலான விளக்கம். அவர் வாயில் எப்போதும் புகையிலை அடக்கிவைத்திருப்பவர், சுருட்டு விளம்பரத்திலும் தோன்றியவர். எனவே காசுதான் காரணம் என்பது மற்றொரு விளக்கம். 1912-இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை எழுதியபடி, வாக்னரின் சம்மதத்தைப் பெற்றுத் தந்தால் ஒரு பத்திரிகையாளருக்கு 10 டாலர் தருவதாக நிறுவனம் சொன்னது. வாக்னர் மறுத்ததோடு, நண்பருக்கு இழப்பு வரக்கூடாதென்று தம் கையிலிருந்தே 10 டாலர் காசோலை அனுப்பினார். தாம் புகையிலை மெல்வதும், பிறர் குழந்தைகளை அதற்கு ஆளாக்க மறுப்பதும் ஒரே மனிதருக்குள் இருக்கக்கூடியவையே. நம் வீடுகளிலும் அத்தகைய பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். எப்படியாயினும் ஒன்று உறுதி: தம் முகம் தமக்குச் சொந்தம் என்று அவர் கருதினார். இந்தக் கருத்து சட்டமாக இன்னும் நாற்பதாண்டுகள் ஆகவேண்டியிருந்தது.

*

சிகரெட்டிலிருந்து அட்டை மிட்டாய்க்கும், பின்னர் சூயிங்கத்துக்கும் நகர்ந்தது. அதாவது, தந்தையின் சட்டைப் பையிலிருந்து நேரே சிறுவனின் கைக்கு வந்தது. பாஸ்டன் நகரின் கௌடி கம் கம்பெனி 1933-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், 240 எண்கள் கொண்ட வரிசையை வெளியிட்டது. அதில் பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு அட்டைகள். ஆனால் 106-ஆம் எண் அட்டை எந்தப் பொட்டலத்திலும் இல்லை. அது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் சிறுவர்கள் காசு காசாகச் செலவழித்துப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்தார்கள். முறையிட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு மறு ஆண்டு நெப்போலியன் லாஜுவாய் என்ற ஓய்வுபெற்ற ஆட்டக்காரரின் படம் போட்ட 106-ஆம் அட்டையை நிறுவனம் அஞ்சலில் அனுப்பிவைத்தது. எழுதத் தெரிந்த, எழுதத் துணிந்த பிள்ளைகளுக்கு மட்டுமே அது கிடைத்தது. இன்று அதுவும் பெரும் விலை மதிப்புள்ள அரிய பொருள். ஏமாற்றும்கூடக் காலம் கடந்தால் கலைப்பொருளாகிவிடும் போலும்.

இரண்டாம் உலகப்போர் காகிதத்தையும் ரப்பரையும் விழுங்கியது. போருக்காகப் பழங்காகிதம் திரட்டிய இயக்கங்களில் பழைய அட்டைகள் கட்டுக்கட்டாகக் கூழாயின. போர் முடிந்தபின் 1948-இல் பௌமன் நிறுவனமும், 1951-இல் புரூக்ளினின் டாப்ஸ் நிறுவனமும் களமிறங்கின. 1951-இன் இலையுதிர்காலத்தில் டாப்ஸ் ஊழியர் சை பெர்கர், தம் வீட்டுச் சமையலறை மேசையில் அட்டைத் துண்டுகளையும் கத்தரிக்கோலையும் வைத்துக்கொண்டு மறு ஆண்டின் அட்டையை வடிவமைத்தார். முன்பக்கம் பெரிய வண்ணப்படம், அணியின் சின்னம், ஆட்டக்காரரின் கையொப்பம். பின்பக்கம் கடந்த ஆண்டின் கணக்கும் வாழ்நாள் கணக்கும். தொலைக்காட்சி இன்னும் எல்லா வீடுகளுக்கும் எட்டாத நாட்கள் அவை. தன் ஊரில் அணியே இல்லாத ஒரு சிறுவனுக்கு அந்த அட்டையே படக்காட்சி, செய்தித்தாள், வாழ்க்கை வரலாறு எல்லாம்.

அவர்களுடைய பரிமாற்றம் ஒரு தனிப் பொருளாதாரம். பொட்டலத்தைப் பிரித்ததும் 'இருக்கு, இருக்கு, இல்லை' என்று அட்டைகளைத் தள்ளிப்பார்ப்பார்கள். இரட்டையாக வந்தவை செலாவணி. ஒரு நட்சத்திர வீரருக்கு மூன்று சாதாரண வீரர்கள் ஈடு. ஆனால் வாங்குபவன் அந்த நட்சத்திரத்தின் சொந்த ஊர்க்காரன் என்றால் விலை ஏறும். சுவரை நோக்கி அட்டையை வீசி, சுவருக்கு மிக அருகில் விழுந்தவன் மற்றவற்றை அள்ளிக்கொள்வான். வேண்டாத அணியின் ஆட்டக்காரர் சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்கிடையே துணிக்கவ்வியால் செருகப்பட்டு, மோட்டார் சைக்கிள்போல் படபடத்துக் கிழிந்துபோவார். அட்டையின் முனை மழுங்குவதும், ரப்பர் வளையத்தின் தடம் பதிவதும் குறையாக எவருக்கும் தோன்றவில்லை. அது பயன்பட்டதற்கான அடையாளம்.

1952-ஆம் ஆண்டின் 407 அட்டைகள் தவணை தவணையாக வெளிவந்தன. 311-ஆம் எண்ணில் தொடங்கிய கடைசித் தவணை கடைகளை எட்டியபோது பருவம் முடியும் தறுவாய். பிள்ளைகளின் மனம் கால்பந்துக்குத் தாவியிருந்தது. சரக்கு தேங்கியது. பல ஆண்டுகள் கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த அந்த அட்டைகளை விற்கவும் இயலாமல், 1960-இல் ஒரு குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பிற்காலத்தில் பெர்கரே சொன்னார். அந்த 311-ஆம் எண், நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டில். அது அவருடைய முதல் அட்டைகூட அன்று. அதற்கு முந்தைய ஆண்டிலேயே பௌமன் அவரை வெளியிட்டிருந்தது. ஆயினும் அதன் பிரதி ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

*

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். அட்டை என்பது நினைவு என்றால், அட்டை இல்லாதவர்கள் யார்?

டை காப் என்ற ஆட்டக்காரருக்கு டி206 வரிசையில் நான்கு அட்டைகள் உள்ளன. கௌடியின் 1933 வரிசையில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. பெரிய சங்கங்கள் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்ற எழுதப்படாத விதியைக் கடைப்பிடித்தன. அட்டைகளும் அதே விதியை அச்சிட்டன. நீக்ரோ லீக்குகள் என்று அழைக்கப்பட்ட தனிச் சங்கங்களில் ஆடியவர்களுக்கு அமெரிக்காவின் சூயிங்கம் பொட்டலத்தில் இடமில்லை. வினோதம் என்னவெனில், குளிர்காலத்தில் கியூபா சென்று ஆடிய ஆஸ்கர் சார்ல்ஸ்டன் போன்றோருக்கு அந்நாட்டுச் சிகரெட் நிறுவனங்கள் 1920-களிலேயே அட்டை வெளியிட்டன. சொந்த நாடு காணாத முகத்தை அயல்நாட்டு அட்டை காப்பாற்றிவைத்தது.

ஜாஷ் கிப்சன் என்ற மாபெரும் மட்டையாளர் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்றே மாதங்களில், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி இனத்தடையை உடைத்தார். சாட்சல் பெய்ஜ் 40 வயதைக் கடந்தபின்னரே பெரிய சங்கத்துக்குள் நுழைந்தார். 1949-இல் பௌமன் வரிசையில் அவர் முகம் வந்தது. கிப்சனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2024 மே மாதம் நீக்ரோ லீக்குகளின் கணக்குகள் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாள் சராசரியில் டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தவர் கிப்சன். எண்களைத் திருத்திவிடலாம். ஆனால் 1935-இல் பிட்ஸ்பர்கின் கறுப்பினச் சிறுவன் ஒருவன் தன் வீரனின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கக்கூடிய அந்தக் காலையை யாராலும் திருப்பித்தர இயலாது.

*

முகம் யாருக்குச் சொந்தம் என்ற வாக்னரின் கேள்வி 1953-இல் நீதிமன்றம் ஏறியது. பௌமனுக்கு உரிமையான ஹேலன் லாபரட்டரீஸ், தன்னோடு ஒப்பந்தம் செய்த ஆட்டக்காரர்களின் படங்களை டாப்ஸ் வெளியிடுவதாக வழக்குத் தொடுத்தது. நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் எழுதிய தீர்ப்பு, அந்தரங்க உரிமையிலிருந்து வேறான ஒன்றாக, ஒருவர் தம் உருவத்தின் வணிகப் பயன்பாட்டின்மீது கொண்டுள்ள உரிமையை முதன்முறையாகப் பெயரிட்டு ஏற்றது. இன்று திரைப்பட நடிகர்கள் தம் முகத்தையும் குரலையும் காக்க நீதிமன்றம் செல்கையில், அந்த வாதத்தின் வேர் இரண்டு சூயிங்கம் கம்பெனிகளின் சண்டையில் இருக்கிறது.

உரிமை ஏட்டில் வந்தது, காசு வரவில்லை. டாப்ஸ் 1956-இல் பௌமனை வாங்கிவிட்டது. சிறு சங்கங்களில் ஆடும் இளைஞர்களிடம் 5 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். பெரிய சங்கத்துக்கு வந்தபின் ஆண்டுக்கு 125 டாலர். எத்தனை கோடி அட்டை விற்றாலும் அவ்வளவுதான். 1966-இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைக்கு வந்த மார்வின் மில்லர், எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராகப் பணியாற்றியவர். டாப்ஸ் பேச மறுத்தபோது அவர் ஆட்டக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திடாதீர்கள். அவர்கள் கேட்டார்கள். 1968-இல் டாப்ஸ் இறங்கிவந்தது. ஆண்டுத்தொகை 250 டாலராகவும், விற்பனையில் 40 லட்சம் டாலர் வரை 8 சதவீதமும் அதற்குமேல் 10 சதவீதமும் பங்காகவும் முடிவாயிற்று. பின்னாளில் இந்த அட்டைப் பணமே சங்கத்தின் வேலைநிறுத்த நிதியாகச் சேர்ந்தது. சிறுவர்களின் செண்டுகள் உழைப்பாளிகளின் கையிருப்பாக மாறிய இக்கதை, அட்டை விலைகளைப் பேசுவோரால் அதிகம் பேசப்படுவதில்லை.

*

அந்த விலைகளுக்கு வருவோம். 1950-களின் சிறுவர்கள் வளர்ந்து, வேலைக்குச் சென்று, தம் பால்யத்தைத் தேடித் திரும்பியபோது அது வீட்டில் இல்லை. அம்மா தூக்கிப்போட்டுவிட்டாள் என்பது அமெரிக்காவின் ஒரு தலைமுறையே சொல்லும் புலம்பல். தூக்கிப்போட்ட அம்மாக்களால்தான் மிஞ்சியவற்றுக்கு மதிப்பு வந்தது என்பதை அந்தப் பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை. 1979-இல் புள்ளியியல் பேராசிரியரான ஜேம்ஸ் பெக்கெட், நாடெங்கும் நடந்த விற்பனைகளைத் திரட்டி விலைக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தார். 1984 முதல் அது மாத இதழாகவும் வந்தது. பங்குச்சந்தைப் பட்டியல்போல் ஏறுமுகம் இறங்குமுகம் என்று அம்புக்குறிகள். அதுவரை இரண்டு சிறுவர்கள் தமக்குள் வாதாடி முடிவுசெய்த விலையை இப்போது ஒரு புத்தகம் சொன்னது. பரிமாற்றத்தில் பேச்சு குறைந்தது.

1980-இல் ஒரு நீதிமன்றம் டாப்ஸின் ஏகபோகத்துக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, 1981-இல் ஃபிளியரும் டான்ரஸும் களத்துக்கு வந்தன. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியபோது அவை சூயிங்கத்தைக் கைவிட்டு, ஒட்டுப்படங்களோடும் புதிர்த் துண்டுகளோடும் அட்டையை விற்றன. 1989-இல் அப்பர் டெக் நிறுவனம் போலிகளைத் தடுக்கும் ஒளிமுத்திரையோடு வழுவழுப்பான அட்டைகளைக் கொண்டுவந்தது. அதன் முதல் எண், அந்த ஆண்டே பெரிய சங்கத்துக்கு வந்த கென் கிரிஃபி ஜூனியர். டாப்ஸும் 1990-களின் தொடக்கத்தில் பொட்டலத்திலிருந்து சூயிங்கத்தை நீக்கிவிட்டது. இனிப்பின் கறை அட்டையைக் கெடுக்கிறதாம். இனிப்பை விற்கப் பிறந்த அட்டை, இனிப்பையே வெளியேற்றியது.

பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கென்று பெற்றோர்கள் பிரிக்காத பெட்டிகளை அடுக்கிவைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தினால் எதுவும் அரிதாகாது என்ற எளிய உண்மையை எவரும் நினைக்கவில்லை. அச்சகங்கள் ஓயாமல் ஓடின. 1994 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அந்த ஆண்டின் உலகத்தொடரே ரத்தானது. அட்டைச் சந்தை ஏற்கெனவே தளர்ந்திருந்தது, இப்போது சரிந்தது. அக்காலத்து அட்டைகளில் பெரும்பாலானவை இன்றும் அன்று கொடுத்த விலைக்குக்கூடப் போவதில்லை.

உச்சியில் இருந்தவற்றின் கதை வேறு. பனிக்கட்டி ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991-இல் ஒரு வாக்னர் அட்டையை 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அதே ஆண்டு, அட்டைகளின் முனையையும் பரப்பையும் ஆராய்ந்து பத்துக்கு இத்தனை என்று தரமிட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனம் தோன்றியது. அது தரமிட்ட முதல் அட்டை இந்த வாக்னர்; பெற்ற மதிப்பெண் 8. 2007-இல் அதன் விலை 28 லட்சம் டாலர். 2013-இல், அந்த அட்டையை முன்னர் வாங்கி விற்ற ஏலக்காரர், அதன் ஓரங்களைத் தாமே கத்தரித்துச் சீராக்கியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நூறாண்டு கடந்தும் முனை மழுங்காத அதிசயத்தின் ரகசியம் கத்தியில் இருந்தது. எவர் கையும் படாத பொருளையே சந்தை விரும்பியது. கைபட்டு அழுக்கானதை அன்று, கைபட்டு மறைக்கப்பட்டதை அது பெற்றது.

பெருந்தொற்றுக் காலத்தில் வேட்கை மீண்டும் மூண்டது. 2021 மே மாதம் விஸ்கான்சினில் ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில் அட்டைகளுக்காக நடந்த தகராறைத் தொடர்ந்து, டார்கெட் கடைகள் அட்டை விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தன. 2022 ஜனவரியில் ஃபனாடிக்ஸ் நிறுவனம் டாப்ஸின் அட்டைத் தொழிலை வாங்கியது. 1890-இல் நடந்ததுபோலவே, எல்லாம் மறுபடியும் ஒரே கூரையின்கீழ் திரளத் தொடங்கியிருக்கின்றன.

*

நாம் தொடங்கிய மேசைக்குத் திரும்புவோம்.

பர்டிக் பேஸ்பால் ரசிகராகப் பெயரெடுத்தவர் அல்லர். தாம் சேர்த்தவற்றில் அட்டைகள் பத்தில் ஒரு பங்கே. அவருக்கு வேண்டியிருந்தது ஒழுங்கு. 1937-இல் சேகரிப்பாளர்களுக்காகச் சிறு சுற்றிதழ் ஒன்றைத் தொடங்கினார். 1939-இல் அவருடைய பட்டியலின் முதல் வடிவம் வெளிவந்து, பின்னர் 'அமெரிக்கன் கார்டு கேட்டலாக்' என்று வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு ஓர் எழுத்து, இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு ஓர் எழுத்து, மிட்டாய்க்கு ஒன்று, சூயிங்கத்துக்கு ஒன்று என்று அவர் வகுத்த குறியீடுகளையே இன்றைய ஏல நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. அவர் பட்டியலில் வாக்னருக்கு இட்ட விலை 50 டாலர். மற்றவற்றுக்குச் சில்லறைகள். மலிவாக இருந்தால்தான் எளியவர்களாலும் சேகரிக்க முடியும் என்பது அந்த விலைகளின் உட்பொருள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1947 முதல் தம் சேகரிப்பை அவர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பலானார். அங்கே அச்சுப்படப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த ஹையட் மேயர், மறுக்கவில்லை. அவரே வந்து வகைப்படுத்தித் தரவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ரெம்பிராண்டைப் பாதுகாப்பவர் சிகரெட் படத்தையும் பாதுகாக்க ஒப்பினார் என்பது சிறிய செய்தியன்று. வெகுமக்கள் எதைப் பார்த்தார்கள், எதை வாங்கினார்கள், எதைத் தம் பையில் வைத்துக்கொண்டார்கள் என்பதும் கலைவரலாறே என்று அந்த இருவரும் உணர்ந்திருந்தார்கள்.

ஒட்டிய அட்டைக்குச் சந்தையில் விலை சரியும். பர்டிக் அதை அறியாதவர் அல்லர். ஒட்டியதன்மூலம் அவற்றை மறுபடி விற்பனைக்கு வரவிடாமல் செய்துவிட்டார் என்றும் இதை வாசிக்கலாம். அவருடைய வாக்னரும் அங்கேதான் இருக்கிறார். அதன் சகோதர அட்டை ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குத் தனியார் விற்பனையில் கைமாறியது. அது யாரோ ஒருவருடைய பெட்டகத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் உறங்கக்கூடும். அருங்காட்சியகத்தில் உள்ளதோ, நாமும் பார்க்கக்கூடியது.

பர்டிக்கின் ஆல்பங்களிலும் கிப்சனின் சூயிங்கம் அட்டை இல்லை. அச்சிடாததை எந்தச் சேகரிப்பாளராலும் சேகரிக்க இயலாது. காப்பவரின் கைக்கு எட்டுவதற்கு முன்பே, எதை அச்சிடலாம் என்று ஒருவர் முடிவுசெய்துவிடுகிறார். அதன்பின், எதை எறியலாம் என்று நாம் முடிவுசெய்கிறோம். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது, அடுத்தமுறை பரணைச் சுத்தம் செய்யும்போது, நம் கையில்தான் இருக்கப்போகிறது.